ஜூ டவுன்: வழிகாட்டி நூலும் ரூபி டேனியலின் நினைவுநூலும்

கொச்சியின் பழைய யூதர் தெருவான மட்டாஞ்சேரி ஜூ டவுனுக்கு வருகிற வெளியூர்க்காரர்களில் பெரும்பாலோர் ஏதாவதொரு வழிகாட்டி நூலின் சொல்லைக் கேட்டுத்தான் வருகிறார்கள். முன்பெல்லாம் அந்த நூல் தோள்பையில் கனத்துக்கொண்டு வரும். இப்போது அதே வரிகள் கைபேசிக்குள் புகுந்துவிட்டன. நடக்கிற பாதை மட்டும் மாறவில்லை. முதலில் டச்சு அரண்மனை எனப்படும் மட்டாஞ்சேரி அரண்மனை, பிறகு பரதேசி ஜெப ஆலயம், அங்கிருந்து திரும்பும் வழியில் பழம்பொருள் கடைகள், மசாலா வாசனை, கொஞ்சம் பேரம், கடைசியில் ஃபோர்ட் கொச்சிக்கு ஆட்டோ. அரை நாளில் முடிந்துவிடும்.

இதே தெருவைப் பற்றி, அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண் எழுதிய நூலும் இருக்கிறது. ரூபி டேனியல் 1912இல் கொச்சியில் பிறந்தவர். மானுடவியலாளர் பார்பரா ஜான்சனின் துணையோடு அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரூபி ஆஃப் கொச்சின்’ 1995இல் அமெரிக்காவின் ஜூயிஷ் பப்ளிகேஷன் சொசைட்டி வெளியீடாக வந்தது. கொச்சியின் யூதப் பெண் ஒருவர் தன் ஊரையும் தன் வீட்டையும் பற்றித் தானே சொன்னவை அதில் இருக்கின்றன.

இந்த இரு வகை நூல்களையும் அருகருகே வைத்துப் படிப்பது ஒரு பயணிக்கு என்ன தரும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஒன்று நல்லது, மற்றது கெட்டது என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமல்ல. இரண்டும் ஒரே தெருவை வெவ்வேறு அளவுகோல்களால் அளக்கின்றன. எது திறந்திருக்கிறது, எதற்குள் நுழையலாம் என்று பார்ப்பது வழிகாட்டி நூலின் அளவுகோல். யார் எங்கே உட்கார விடப்பட்டார்கள் என்பது ரூபியின் அளவுகோல். முதல் அளவுகோலை மட்டும் கையில் வைத்திருப்பவருக்குப் பாதித் தெருதான் கிடைக்கும் என்பது என் வாதம்.

கொச்சி 1949இல் திருவிதாங்கூரோடு இணையும்வரை தனி அரசாக இருந்தது. வெப்பமண்டலக் கடற்கரையில், மிளகையும் துறைமுகத்தையும் நம்பி வாழ்ந்த ஒரு சின்ன நாடு. சின்ன நாடுகளுக்கு வழிகாட்டி எழுதுவதில் எப்போதும் ஒரு சிக்கல் உண்டு. ரோமுக்கோ பாரிசுக்கோ நூறு பக்கம் ஒதுக்கப்படும். ஒன்றில் விட்டது இன்னொன்றில் வந்துவிடும். சின்ன இடத்துக்குக் கிடைப்பது சில பத்திகள். லோன்லி பிளானட்டின் முதல் இந்திய நூல் 1981இல் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அதுபோன்ற பெரிய நூல்களில் ஜூ டவுன் ஒரு பக்கத்தைத் தாண்டுவது அபூர்வம். அந்தச் சில வரிகளே ஆண்டாண்டாக உலகம் முழுவதிலிருந்தும் வருகிறவர்களின் கால்களைத் திருப்புகின்றன. எந்த வாசல் வரியில் இடம்பெற்றதோ அதன் முன்னால் வரிசை நிற்கிறது. விடுபட்ட வாசலுக்கு ஆளே வருவதில்லை.

முதலில் வழிகாட்டி நூலுக்கு உரிய மரியாதையைச் செய்துவிட வேண்டும். ஜூ டவுனில் வெள்ளிக்கிழமை வந்து இறங்குகிறவர் ஏமாந்துபோவார். தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கும் மட்டாஞ்சேரி அரண்மனைக்கு அன்று விடுமுறை. ஓய்வுநாள் தொடங்குவதால் ஜெப ஆலயமும் வெள்ளி பிற்பகலில் பார்வையாளர்களுக்கு மூடிவிடும், சனிக்கிழமையும் திறக்காது. யூதப் பண்டிகை நாட்களிலும் அப்படித்தான். உள்ளே போகச் செருப்பைக் கழற்ற வேண்டும், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், உள்ளே படம் எடுக்கக் கூடாது. இவையெல்லாம் முன்கூட்டித் தெரிந்திருந்தால் ஒரு நாள் வீணாகாது. ஆட்டோக்காரர் எந்தக் கடை வாசலில் நிறுத்தினால் அவருக்குக் கமிஷன், பழம்பொருள் என்று விற்கப்படுவதில் எவ்வளவு அண்மையில் செய்தது என்ற எச்சரிக்கைகளும் அந்த நூல்களில் உண்டு. தனியாகப் பயணம் செய்யும் பெண்ணுக்கு, மொழி தெரியாத ஊரில், தங்குமிடம் பற்றிய நான்கு நேர்மையான வரிகள் எவ்வளவு பெரிய துணை என்பதை அப்படிப் பயணம் செய்தவர்கள் அறிவார்கள். ரூபியின் நூலில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு படகு பிடிக்க முடியாது.

படகு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எர்ணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரிக்குப் படகில் வருவதைப் பழைய வழிகாட்டி நூல்கள் எல்லாமே பரிந்துரைத்தன. புறப்படும் நேரம், கட்டணம், எந்தத் துறையில் ஏற வேண்டும் என்று எழுதின. நடுவில் பல ஆண்டுகள் மட்டாஞ்சேரித் துறைக்குப் படகே வராமல் இருந்தது. 2023 ஏப்ரலில் கொச்சி வாட்டர் மெட்ரோ தொடங்கியது. பின்னர் அது மட்டாஞ்சேரி வரைக்கும் நீண்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பதிப்பு தவறாகிப்போனது. ரூபியின் நூலிலும் இந்தப் படகுகள் வருகின்றன. அவருடைய தகப்பனாருக்குப் படகுத்துறையில் டிக்கெட் விற்கும் வேலை. அந்த வருமானத்தில்தான் குடும்பம் நடந்தது, பிள்ளைகள் படித்தார்கள். கொச்சியின் யூதப் பெண்களில் உயர்நிலைப் பள்ளியை முடித்துக் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் ரூபி. நீதிமன்றத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்தார். ஒருவர் படகு நேரத்தைத் தெரிந்துகொள்ள வழிகாட்டி நூலைப் புரட்டலாம். அந்த நேர அட்டவணைக்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது என்பதை ரூபியிடமிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

இனி ஜெப ஆலயத்துக்குள் போகலாம். இரண்டு நூல்களின் வேறுபாடு முழுமையாக வெளிப்படுவது அங்கேதான்.

வழிகாட்டி நூல்கள் சொல்லும் செய்திகள் ஏறக்குறைய ஒரே வரிசையில் வரும். பரதேசி ஜெப ஆலயம் 1568இல், கொச்சி மன்னர் அரண்மனைக்கு அருகிலேயே கொடுத்த நிலத்தில் கட்டப்பட்டது. டச்சுக்காரர்களுக்கு ஆதரவாக யூதர்கள் நின்றார்கள் என்று 1662இல் போர்த்துகீசியர் அதைச் சிதைத்தார்கள். அடுத்த ஆண்டே டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்ததும் அது செப்பனிடப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனியோடு பெரும் வணிகம் செய்த எசக்கியேல் ராகபி மணிக்கூண்டை எழுப்பினார். தரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலவெள்ளை ஓடுகள்; சீனாவில் கையால் தீட்டப்பட்டவை. மேலே பெல்ஜியத்துக் கண்ணாடி விளக்குகள். நடுவே பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த மேடை. மாடியில் பெண்களுக்குத் தனி இடம். 1968இல் நானூறாம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், அஞ்சல்தலையும் வெளியிடப்பட்டது.

இவற்றில் தவறென்று தள்ள ஒன்றும் இல்லை. அந்தத் தரையைப் பார்க்கிற எவருக்கும் கண் நிறையும். நானும் இந்தச் செய்திகளோடு போகிறவர் இவை இல்லாமல் போகிறவரைவிட அதிகம் பார்ப்பார் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்தத் தரையில் யார் உட்கார்ந்தார்கள்? பிரதான மண்டபத்துக்கு முன்னால் அசாரா என்கிற முன்கூடம் இருக்கிறது. பார்வையாளர்கள் அதைக் கடந்துதான் உள்ளே நுழைகிறார்கள். வழிகாட்டி நூல்கள் அங்கே நிற்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய யூதர்களான பரதேசி சமூகத்துக்குள்ளேயே, அடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லி ஒரு பிரிவினரை மற்றவர்கள் ஒதுக்கிவைத்திருந்தார்கள். அவர்கள் அதே தோரா வேதத்தை ஓதினார்கள், அதே பண்டிகைகளைக் கொண்டாடினார்கள், அதே தெருவில் குடியிருந்தார்கள். தொழுகை நேரத்தில் மட்டும் உள்ளே பெஞ்சில் உட்கார அவர்களுக்கு உரிமை இல்லை. முன்கூடத்தில், படியில், தரையில் உட்கார வேண்டும். தோரா வாசிக்க அழைக்கப்படும் உரிமையும் மட்டுப்படுத்தப்பட்டிருந்தது. மற்றவர்கள் அவர்களோடு திருமண உறவு வைத்துக்கொள்ளவில்லை. ரூபி டேனியல் அந்தப் பிரிவில் பிறந்தவர்.

தமிழ்நாட்டுக் கோயில் வாசல்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1936இல் திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தபோதும், 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தபோதும், மட்டாஞ்சேரியில் இந்த முன்கூடப் பிரச்சினை தீராமல்தான் இருந்தது. சாதி, வந்தேறிய மதங்களையும் எப்படித் தன் அச்சில் வார்த்துவிடுகிறது என்பதற்கு இந்தியாவில் இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. எங்கெங்கோ துரத்தப்பட்டு வந்த ஒரு சிறு சமூகம், தன்னை ஆதரித்த மண்ணின் பழக்கத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது.

இந்த ஒதுக்கலை எதிர்த்துப் போராடியவர் ஏ. பி. சேலம். 1882இல் அதே ஒதுக்கப்பட்ட பிரிவில் பிறந்து, சென்னையில் படித்து வழக்கறிஞரானவர். அவருடைய சமூகத்தின் முதல் பட்டதாரி. கொச்சி சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். 1929இல் முழு விடுதலைத் தீர்மானம் நிறைவேறிய லாகூர் காங்கிரசுக்குச் சென்றுவந்தார். காந்தியின் சத்தியாகிரக வழியை அவர் தன் ஜெப ஆலயத்துக்குள்ளேயே கொண்டுவந்தார். ‘யூத காந்தி’ என்று அவரை மக்கள் அழைத்தது அதனால்தான். 1940களில் தடைகள் சிறிது சிறிதாகத் தளர்ந்து, ஒதுக்கப்பட்டவர்கள் உள்ளே பெஞ்சில் உட்காரும் நிலை வந்தது. சேலம் 1967இல் இறந்தார். அஞ்சல்தலை வந்த நானூறாம் ஆண்டு விழாவை அவர் பார்க்கவில்லை.

ரூபியின் நூலில் இந்தச் செய்திகள் ஒரு வழக்குரைபோல வரவில்லை. பாட்டி சொன்ன கதைகள், பண்டிகைச் சமையல், பேய்க்கதைகள், கல்யாணங்கள் இவற்றுக்கு நடுவே இந்த வலி கலந்து கிடக்கிறது. அதனாலேயே அதற்குக் கனம் கூடுகிறது. அந்தக் கட்டடத்தை வெறுத்தவர் எழுதிய நூல் அல்ல அது. அங்கே உட்கார இடம் மறுக்கப்பட்டவரே அதன்மீது தீராத பாசத்தோடு எழுதியிருக்கிறார். பெல்ஜியத்து விளக்குகளைப் பற்றிப் படித்துவிட்டு வருகிறவர் நிமிர்ந்து பார்ப்பார். ரூபியைப் படித்தவர் உள்ளே நுழையும்முன் முன்கூடத்தில் நிற்பார். எந்தப் படி, எந்த மூலை என்று தேடுவார். என் பார்வையில் இந்தத் தேடல்தான் ஒரு பயணியை வெறும் பார்வையாளர் நிலையிலிருந்து நகர்த்துகிறது.

பெண்கள் மாடி விஷயத்திலும் இதே வேறுபாடு. பெண்கள் தனியே தொழுத இடம் என்று ஒரு வரியில் வழிகாட்டி நூல் முடித்துவிடுகிறது. கேரளத்து ஜெப ஆலயங்களுக்கே உரிய ஒரு அமைப்பு அங்கே உண்டு: கீழே நடுவில் ஒரு மேடை இருப்பதுபோல மாடியிலும் இன்னொரு வாசிப்பு மேடை, அதற்குப் பின்னால் பெண்களின் இடம். பண்டிகை நாட்களில் தோரா அந்த மேல்மேடையில் வாசிக்கப்படும்போது பெண்கள் அதற்கு மிக அருகில் இருப்பார்கள். கொச்சி யூதப் பெண்களின் பாட்டுகள் உலக யூதர்களிடையே தனியிடம் பெற்றவை. கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் மலையாளத்தில் அவர்கள் பாடிய பாட்டுகளைக் கையெழுத்து நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்துத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றினார்கள். ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில்கூட அவற்றைப் பாடினார்கள் என்பது மற்ற பல யூதச் சமூகங்களில் காணாத வழக்கம். அந்தப் பாட்டுகளை இஸ்ரேலில் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்களில் ரூபி முக்கியமானவர். மலையாள அறிஞர் ஸ்கறியா சக்கறியாவும் ஓஃபிரா கம்லியேலும் 2005இல் அவற்றில் பலவற்றைத் தொகுத்து வெளியிட்டார்கள். மாடியை அண்ணாந்து பார்க்கும் பயணிக்கு அங்கே பாட்டு இருந்தது என்று தெரியாவிட்டால், அவர் பார்ப்பது மரக் கம்பிகளை மட்டும்தான்.

காலம் இந்த இரண்டு நூல்களையும் வெவ்வேறு விதமாக நடத்துகிறது. வழிகாட்டி நூலின் வலிமையான பகுதியே விரைவில் கெட்டுப்போகும் பகுதி. ஜூ டவுன் தெருவில் இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கத்தின் கட்டடம் இருக்கிறது. 1957இல் மிளகு முன்பேர வணிகம் அங்கே தொடங்கியது. தரகர்கள் கூடிக் கத்தி விலை சொல்லும் காட்சியைப் பார்க்கலாம் என்று 1990களின் வழிகாட்டி நூல்கள் சில பயணிகளை அங்கே அனுப்பின. வணிகம் கணினிக்கு மாறியதும் கூடம் அடங்கிவிட்டது. அந்த வரி மட்டும் பழைய பிரதிகளில் தங்கிவிட்டது.

இதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. இந்தத் தெருவில் எஞ்சியிருக்கும் யூதர்களின் எண்ணிக்கையை வழிகாட்டி நூல்கள் தவறாமல் கொடுத்தன. பதிப்புக்குப் பதிப்பு அந்த எண் இறங்கிக்கொண்டே வந்தது. அதைப் படித்துவிட்டு வந்தவர்கள், இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெருவில் விசாரித்தார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். தையல் பூவேலைக் கடை நடத்திய சாரா கோஹென் பாட்டியின் வாசலில் படமெடுக்கக் கூட்டம் கூடியது. அவர் 2019இல் 96ஆம் வயதில் மறைந்தார். கடைசிவரை அவரைத் தாயாக நினைத்துப் பார்த்துக்கொண்டது ஒரு முஸ்லிம் குடும்பம். 2024இல் அத்தெருவில் வாழ்ந்த குவீனி ஹலேகுவாவும் மறைந்த பிறகு எண்ணுவதற்கே ஏறக்குறைய ஆளில்லை. உயிரோடிருக்கும் மனிதர்களை அரிய உயிரினம்போல எண்ணிக்காட்டுவது ஒரு வழிகாட்டி நூல் செய்யக் கூடாத காரியம் என்று உறுதியாக நினைக்கிறேன். அந்த இடத்தில் அவர்கள் எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்று இரண்டு வரி எழுதியிருக்கலாம். 1950களில் கேரளத்து யூதர்களில் பெரும்பாலோர் புதிதாகப் பிறந்த இஸ்ரேலுக்குப் பயணப்பட்டார்கள். ரூபி 1951இல் போனார். வடக்கு இஸ்ரேலில் நெயோத் மொர்தெகாய் என்ற கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில் வாழ்ந்து 2002இல் காலமானார். அவர் நூலில் அந்த மனிதர்கள் குறைந்துகொண்டே போகிற எண் அல்ல. பெயரும் குணமும் சண்டையும் சிரிப்புமாக இருக்கிறார்கள்.

நினைவுநூலுக்கு வயதாவதில்லை என்றாலும் அதையே வரலாறாகக் கொள்ள முடியாது. செப்பேடுகளை எடுத்துக்கொள்வோம். ஜெப ஆலயத்தில் பாதுகாக்கப்படும் செப்பேடுகள் கி.பி. 379ஆம் ஆண்டைச் சேர்ந்தவை என்பது சமூகத்தின் மரபு நம்பிக்கை. வழிகாட்டி நூல்கள் பலவும் நான்காம் நூற்றாண்டு என்றே எழுதிவந்தன. எழுத்தமைதியையும் மன்னர் பெயரையும் கொண்டு ஆய்வாளர்கள், குறிப்பாக எம். ஜி. எஸ். நாராயணன், அவை சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மனின் காலத்தவை, கி.பி. 1000ஐ ஒட்டியவை என்று நிறுவியிருக்கிறார்கள். முயிரிக்கோட்டில் இருந்த மன்னன், இசுப்பு இரப்பான் என்ற யூத வணிகருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் தலைமையையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் கொடுக்கிறான்: பகல்விளக்கு, பாவாடை, குடை, பல்லக்கு முதலானவை. எழுத்து வட்டெழுத்து. மொழியோ, தமிழ் படித்தவர் கொஞ்சம் முயன்றால் பிடிபடுகிற அளவுக்கு நமக்கு அருகில் உள்ளது. முயிரிக்கோடு, சங்கப் பாடல்களில் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் கப்பல்களின் முசிறியோடு இணைத்துப் பேசப்படும் ஊர். 2017இல் பிரதமர் மோடி இஸ்ரேல் சென்றபோது பிரதமர் நெதன்யாகுவுக்குப் பரிசாக அளித்தது இந்தச் செப்பேட்டின் நகலைத்தான். தமிழிலிருந்து வருகிற பயணிக்கு ஜூ டவுனில் இதைவிட நெருக்கமான பொருள் வேறில்லை. அதை உலகத்து எல்லா வாசகருக்குமாக எழுதப்படும் வழிகாட்டி நூலும் சொல்லாது. குடும்ப நினைவாக எழுதப்பட்ட நூலும் சொல்லாது. இந்த இடத்தில் இரண்டையும் விட்டுவிட்டுக் கல்வெட்டு ஆய்வாளரிடம்தான் போக வேண்டும்.

இப்போது தெருவின் தெற்கு முனைக்கு வருவோம். பரதேசி ஜெப ஆலயம் வடக்கு முனையில் இருக்கிறது. ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்களும் பின்னால் மேற்காசியாவிலிருந்து வந்தவர்களும் சேர்ந்த சிறு கூட்டம் பரதேசிகள். அவர்களுக்கு நூற்றாண்டுகள் முன்னதாகவே இந்த மண்ணில் வேர்பிடித்தவர்கள் மலபாரி யூதர்கள். குடிபெயர்வதற்கு முன் கேரளத்து யூதர்களில் மிகப் பெரும்பான்மை அவர்களே. மட்டாஞ்சேரியில் அவர்களுக்கு இரண்டு ஜெப ஆலயங்கள் இருந்தன. தெக்கும்பாகம் 1960களில் இடிக்கப்பட்டது. கடவும்பாகம் பரதேசி ஜெப ஆலயத்தைவிடவும் பழையது. 16ஆம் நூற்றாண்டின் நடுவாக்கில் கட்டப்பட்டது. அங்கே தொழுதவர்கள் கிளம்பிய பிறகு கட்டடம் சரக்குக் கிடங்காக மாறியது. 2019 மழையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

வழிகாட்டி நூலின் அளவுகோலில் அது இல்லாத கட்டடம். டிக்கெட் இல்லை, நேரம் இல்லை, உள்ளே போக முடியாது. எனவே வரியும் இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வடக்கு முனையில் நின்று, ‘கொச்சி யூதர்களின் ஜெப ஆலயம்’ பார்த்துவிட்டோம் என்று திரும்பிப்போகிறார்கள். சிறுபான்மைக்குள் சிறுபான்மையான பரதேசிகளின் கதை முழுச் சமூகத்தின் கதையாகிவிட்டது. ஜெருசலேமுக்குப் போனால் நிலைமை தலைகீழ். அங்குள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில், செதுக்கு வேலைப்பாடு மிகுந்த மர விதானத்தோடு ஒரு ஜெப ஆலயத்தின் உட்புறம் முழுவதும் நிறுவப்பட்டிருக்கிறது. அது கடவும்பாகத்தின் உட்புறம். தோரா சுருள் வைக்கும் பேழை மட்டும் கேரளத்தின் பரவூரிலிருந்து போனது. ஜெருசலேம் வழிகாட்டி நூல்கள் அதைப் பார்க்கச் சொல்கின்றன. அதே கட்டடத்தின் சுவர்கள் நிற்கும் தெருவில் அதைச் சுட்டிக்காட்ட ஆளில்லை.

ரூபி பரதேசி ஜெப ஆலயத்தின் முன்கூடத்தைச் சேர்ந்தவர், கடவும்பாகத்துக்காரர் அல்ல. ஆனாலும் அவர் நூலில் தெருவுக்கு இரண்டு முனையும் உண்டு. பாட்டுகளும் கதைகளும் இரு பக்கமும் நடமாடின. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறந்த மெய்ஞ்ஞானி நெஹெமியா மோட்டாவின் சமாதி மட்டாஞ்சேரியில் இருக்கிறது. யூதர்கள் மட்டுமல்லாமல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அங்கே மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்வார்கள். நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் எல்லா மதத்தாரும் போகிற வழக்கத்தை அறிந்த நமக்கு அது உடனே புரியும். தெருவின் உயிர் இத்தகைய இடங்களில்தான் இருந்தது.

இரண்டு நூல்களும் சேர்ந்தே விட்டுவிட்ட ஒன்றையும் குறிப்பிடத்தான் வேண்டும். மட்டாஞ்சேரி, மூட்டை சுமந்தவர்களின் ஊரும்கூட. துறைமுகத்தில் ‘சாப்பா’ என்ற முறை இருந்தது. அன்றைய வேலைக்கான உலோக வில்லைகளைக் கூட்டத்துக்கு நடுவே வீசி எறிவார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவருக்கு வேலை, மற்றவருக்குப் பட்டினி. அதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. தொழிலாளர்கள் மூவர் இறந்தார்கள். கே. எம். சிதம்பரத்தின் ‘துறமுகம்’ நாடகமும் அதை வைத்து ராஜீவ் ரவி இயக்கி 2023இல் வந்த படமும் அந்த வரலாற்றைச் சொல்கின்றன. ரூபி அதற்கு முன்பே கிளம்பிவிட்டார். அவர் நூலில் அது இல்லாததைக் குறையாகச் சொல்ல முடியாது. வழிகாட்டி நூலுக்கு அந்தச் சாக்கு கிடையாது. மசாலா வாசனையை வருணிக்கத் தவறாத நூல், அந்த மசாலா மூட்டையைத் தூக்கியவர்களுக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்க வேண்டும்.

தமிழில் இந்த இரண்டு வேலையையும் ஒரே நூல் செய்த மரபு ஒன்று இருந்தது. ஆற்றுப்படை நூல்களில் பரிசு பெற்றுத் திரும்புகிற கூத்தரோ பாணரோ எதிரே வருகிறவரிடம் பேசுவார். எந்த வழி, எங்கே பள்ளம், எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும், எந்த நிலத்து மக்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று எல்லாமே வரும். மலைபடுகடாத்தில் வழுக்கும் பாறை பற்றிய எச்சரிக்கையும் உண்டு. விருந்தளிக்கும் குறவர் வீடும் உண்டு. போய்வந்தவர் தன் அனுபவத்தைச் சொல்வதால் வழியும் மனிதரும் பிரியாமல் வந்தன. அச்சு வழிகாட்டி நூலின் தொழில் வளர்ந்தபோது வழி தனியாகவும் மனிதர் தனியாகவும் பிரிந்துபோனார்கள். லோன்லி பிளானட்டுக்கும் ரூபி டேனியலுக்கும் இடையே இருக்கும் தூரம் அந்தப் பிரிவின் தூரம்தான்.

ஜூ டவுனுக்குக் கிளம்புகிறவருக்கு நான் சொல்வது இது. ரூபியின் நூலை ஊரில் இருக்கும்போதே படித்து முடித்துவிடுங்கள். வழிகாட்டி நூலை ரயிலில் பார்த்தால் போதும்; நாளும் நேரமும் உடையும் படகும் மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி, சனி வேண்டாம். ஜெப ஆலயத்தின் முன்கூடத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வெளியே வந்ததும் கடைகளோடு திரும்பிவிடாமல் தெற்கே கடைசிவரை நடந்து கடவும்பாகத்தைப் பாருங்கள். இன்னொரு நாள் கிடைத்தால் வடக்கே பரவூருக்கும் சேந்தமங்கலத்துக்கும் போங்கள். முசிறிஸ் பாரம்பரியத் திட்டத்தின் கீழ் அங்கே இரண்டு மலபாரி ஜெப ஆலயங்களும் செப்பனிடப்பட்டு அருங்காட்சியகங்களாக இருக்கின்றன. சேந்தமங்கலத்தில், 1269ஆம் ஆண்டில் இறந்த சாரா என்ற பெண்ணின் எபிரேயக் கல்லறைக்கல் ஜெப ஆலயத்தின் முன்னால் நிற்கிறது.

அடுத்த பதிப்பு எழுதப் போகும் வழிகாட்டி நூல் ஆசிரியர்களிடம் கேட்பது அதிகமில்லை. விளக்குகளையும் ஓடுகளையும் சொன்ன பிறகு மூன்று வாக்கியங்கள் சேர்க்க இடம் இருக்கிறது. முன்கூடத்தில் யார் உட்கார வைக்கப்பட்டார்கள், அதை ஏ. பி. சேலம் எப்படி எதிர்த்தார் என்பது முதல் வாக்கியம். தெருவின் தெற்கு முனையில் இதைவிடப் பழைய ஜெப ஆலயம் ஒன்று சிதைந்து நிற்கிறது, அதன் உட்புறம் ஜெருசலேமில் இருக்கிறது என்பது இரண்டாவது. எஞ்சியவர்களின் எண்ணிக்கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரூபி டேனியலின் நூற்பெயரை எழுதுவது மூன்றாவது.